எடைமேடையில் தொடங்கும் கேம்பர் வண்டி: சென்னையில் நாமே கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு எடைமேடை இருக்கிறது. எங்கள் கேம்பர் வண்டியை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டியை, கட்டி முடிப்பதற்குள் அங்கே பதினொரு முறை போய் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தருகிற சின்ன ரசீதை ஒரு நோட்டில் ஒட்டி வைத்தேன். இந்த வேலையில் எனக்குப் புரிந்தது எல்லாம் அந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. வண்டிக்குள் படுக்கை எப்படி, அடுப்பு எங்கே, சோலார் எத்தனை வாட் என்று எல்லோரும் அங்கிருந்து தொடங்குகிறார்கள். நான் எடையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். கரடுமுரடான பாதையில் பட்டை (சக்கரத்தின் மேல் வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) உடைவது, பெட்டியில் விரிசல் விடுவது, இறக்கத்தில் பிரேக் சூடாவது எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் கூடுதல் எடைதான் நிற்கும்.

இது பிக்கப் அல்லது சிறிய லாரியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல், இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை தங்கும் அளவுக்குப் பெட்டி கட்டுவதற்கான வழிகாட்டி. பெரிய லாரி வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

முதல் படி: எங்கே போகப் போகிறீர்கள்?

ஒரு தாளில் அடுத்த இரண்டு வருடத்தில் போக நினைக்கும் இடங்களை எழுதுங்கள். ஜவ்வாது மலை, கொல்லிமலை, வால்பாறை என்றால் வண்டி குறுகலாக, குட்டையாக இருக்க வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டியில் போனால் ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் பஸ்ஸுக்காகப் பின்னால் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். கட்ச் ரண், ஸ்பிதி, லடாக் என்றால் தண்ணீரும் டீசலும் அதிகம் சுமக்க வேண்டும், இரவுக் குளிரைத் தாங்க வேண்டும். ஊருக்குள் வாழ்க்கையையும் மறக்காதீர்கள். வருடத்தில் 300 நாள் இந்த வண்டி சென்னைத் தெருவில்தான் நிற்கப் போகிறது. நான் கொரட்டூரில் எங்கள் தெரு மரக்கிளைகளின் உயரத்தை ஒரு கம்பால் அளந்துதான் பெட்டியின் உயரத்தை முடிவு செய்தேன்.

இரண்டாவது படி: வண்டியும் காகிதமும்

ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் விசை போகும் வண்டி, கட்டாயமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மண் பாதை, சரளைக்கல், மலைக்கிராம ரோடு வரைக்கும் நல்ல டயரும் கொஞ்சம் உயரமும் இருந்தால் இரு சக்கர ஓட்டமே போதும். மணல், சேறு, ஆற்றுப்படுகை என்று இறங்க ஆசைப்பட்டால் ஃபோர் பை ஃபோரும் லோ ரேஞ்சும் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்) வேண்டும். நம் சந்தையில் இசுசு வி-கிராஸ், மகிந்திரா பொலேரோ கேம்பரின் ஃபோர் வீல் வகை, ஃபோர்ஸ் கூர்க்கா போன்றவை இந்த வேலைக்குத் தோதானவை. இசுசுவின் ஆலை நமக்கு வடக்கே ஸ்ரீசிட்டியிலேயே இருக்கிறது. எதை வாங்கினாலும் ஏணி மாதிரி தனி சேசிஸ் உள்ளதாக வாங்குங்கள். கார் மாதிரி உடலும் சேசிஸும் ஒன்றாக இருப்பதில் பெட்டி ஏற்ற முடியாது. அப்புறம், அதன் உதிரிபாகம் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கிடைக்கிறதா என்று ஒரு நாள் நடந்து விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

காகித வேலையைப் பெட்டி கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து விலகும் மாற்றத்தைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனால் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் என்பது சட்டத்தில் இருக்கிற ஒரு வகைதான். மோட்டார் கேரவன்களுக்கு என்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை உண்டு. ஆகவே முதலில் வரைபடம், பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகம், அங்கே சொல்கிறபடி அங்கீகாரம் பெற்ற பாடி கட்டுபவர் வழியாக விண்ணப்பம், எழுத்தில் அனுமதி, அதன் பிறகுதான் வெல்டிங் மெஷின். சோதனை மையத்தின் சான்று கேட்டால் நமக்கு ஒரகடத்திலேயே ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. பின்பக்கம் நீட்டுவதற்கும் அளவு உண்டு: பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீளும் பகுதி, வீல்பேஸில் (முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே உள்ள தூரம்) 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்துக்குப் பிறகு கிளெய்மை மறுத்துவிடலாம்.

ஓடும்போது பெட்டிக்குள் யாரும் உட்காரவே கூடாது. முன் கேபினில் எத்தனை சீட் பெல்ட் இருக்கிறதோ அத்தனை பேர்தான் பயணம்.

மூன்றாவது படி: எடைக் கணக்கு

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடை இருக்கும்: காலி எடை, மொத்த எடை. இரண்டாவதைத் தாண்டவே கூடாது. எங்கள் வண்டிக்கு அது 2,900 கிலோ. பின்தொட்டியைக் கழற்றி, டீசல் நிரப்பி, ஆள் இல்லாமல் எடைமேடையில் நிறுத்தியபோது 1,850 கிலோ. ஆக, கையில் இருந்தது 1,050 கிலோ. அதை இப்படிப் பங்கு போட்டேன்: ஆட்கள் 160, சப்ஃபிரேம் (பெட்டிக்குக் கீழே வரும் தனிச் சட்டம்) 75, பெட்டி 260, உள்ளே மர வேலை 110, பேட்டரி சோலார் வயரிங் 85, தண்ணீரும் கேனும் 90, ஃபிரிட்ஜ் அடுப்பு பாத்திரம் 45, கூடுதல் ஸ்டெப்னி, கருவிகள், இழுவைக் கயிறு 90, துணிமணி, அரிசி, மளிகை 50. மொத்தம் 965. 85 கிலோ மிச்சம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லாம் முடித்து, குடும்பத்தோடு ஏறி, எடைமேடைக்குப் போனபோது திரையில் 2,960 என்று வந்தது. திட்டமிட்டதைவிட 145 கிலோ அதிகம். அதில் 80 கிலோ மர வேலையில் ஏறியது. அலமாரி, பெஞ்ச், கட்டில் எல்லாவற்றுக்கும் ஆசாரி 18 மி.மீ. பிளைவுட் போட்டிருந்தார். வீட்டு மாடுலர் கிச்சனுக்கு அது சரி. ஒரு 8க்கு 4 பலகை மட்டும் 35 கிலோ வரும். அதே அளவு 6 மி.மீ. பலகை 12 கிலோ. மீதி 65 கிலோ, கணக்கில் எழுதாமல் விட்ட திருகு, பசை, கீல், வயர், வெளியே விரிக்கும் பந்தல் துணி, கூரை கேரியர் இவற்றிலிருந்து வந்தது. மர வேலையைக் கழற்றிவிட்டு, அலுமினியச் சட்டத்தில் 6 மி.மீ. பலகை பதித்து மறுபடி செய்தேன். ஒன்றரை மாதம் போனது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த 80 கிலோ முழுசாக இறங்கியது. கூரை கேரியரையும் கழற்றியதில் 2,840க்கு வந்தோம்.

மொத்த எடையை மட்டும் பார்த்தால் போதாது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு ரசீது, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு ரசீது வாங்குங்கள். அந்த 2,960இல் முன்னால் 1,180, பின்னால் 1,780 இருந்தது. ஒவ்வொரு ஆக்சிலுக்கும் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் தகட்டில் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்குகிற எடை சீசா பலகை மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டியரிங் லேசாகிப் போகும், மழையில் முன் பிரேக் பிடிமானம் குறையும். அதனால் கனமான பொருள் எல்லாம் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், தரைக்கு அருகில்.

எடைமேடை 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் காட்டும். அதனால் சின்னப் பொருள்களை வீட்டிலேயே குளியலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள்.

நான்காவது படி: சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், விட்டுக்கொடுங்கள்

இந்த ஒரு படியில் அவசரப்படாதீர்கள். ஏணி சேசிஸ், மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொடும்படி தானே முறுக்கிக்கொள்ளும். லாரிகளில் பெரும்பாலும் அதைத் திறந்த சேனல் கம்பியால் செய்வது இதற்கும் உதவும். அதன் மேல் விறைப்பான பெட்டியை நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? சேசிஸ் முறுக்கப் பார்க்கும், பெட்டி விடாது. ஒன்று பெட்டியின் மூலை பிளக்கும், அல்லது போல்ட் உடையும், அல்லது சேசிஸே விரிசல் விடும்.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தொட்டியைக் கழற்றுவதற்கு முன், காலி மைதானத்தில் முன் வலது சக்கரத்தின் கீழும் பின் இடது சக்கரத்தின் கீழும் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி வண்டியை ஏற்றினேன். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி சமதளத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. கட்டை மேல் ஏறியதும் மேல் விளிம்பில் இடது பக்கம் 24 மி.மீ., வலது பக்கம் 45 மி.மீ. வெல்டிங் செய்யும் அண்ணன் அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை இறுக்கிக் கட்டினா ஆறு மாசத்துல திரும்பி என்கிட்டதான் வருவீங்க" என்றார்.

தீர்வு மூன்று புள்ளி தாங்கி. பெட்டியின் கீழே ஒரு தனிச் சட்டம், அதாவது சப்ஃபிரேம். அது பின்பக்கம் இரண்டு இடத்தில் சேசிஸோடு உறுதியாகச் சேரும். முன்பக்கம் நடுவில் ஒரே ஒரு அச்சில் உட்காரும். அந்த அச்சைச் சுற்றி சேசிஸ் இடதும் வலதும் சாயலாம், பெட்டி அசையாமல் இருக்கும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது மாதிரிதான். முன் அச்சுக்கு லாரி பட்டையில் போடுகிற பெரிய ரப்பர் புஷ் புதுப்பேட்டையில் வாங்கி, லேத்தில் அதற்கு ஒரு குழாய் உறை கடைந்து போட்டோம். பின்பக்க இரண்டு தாங்கியிலும் ரப்பர் புஷ் உண்டு.

மூன்று புள்ளியில் ஒரு குறை: எடை முழுவதும் மூன்று இடத்தில் குவியும். நீளமான சேசிஸ் என்றால் அது நல்லதல்ல. அப்படிப்பட்ட வண்டிக்கு, பின்பக்கம் உறுதியாக இறுக்கி, முன்பக்கத் தாங்கிகளில் ஸ்பிரிங் வைத்த போல்ட் போடும் முறை பொருந்தும். சப்ஃபிரேம் சேசிஸ் மேல் நீளமாகப் படுத்திருக்கும், முறுக்கும்போது மட்டும் ஸ்பிரிங் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொடுக்கும்.

இரண்டு முறைக்கும் பொதுவான விதிகள்: சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள், சூடு காட்டாதீர்கள். பக்கச் சுவரில் கம்பெனியே விட்ட துளைகளைப் பயன்படுத்துங்கள். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எழுதியிருக்க வேண்டும், எழுத்து இல்லாத போல்ட் வேண்டாம். சப்ஃபிரேமில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, என்ஜின் கம்ப்யூட்டரின் சாக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். முடிந்தவரை சப்ஃபிரேமை வண்டியிலிருந்து இறக்கி வைத்தே வெல்டிங் செய்யுங்கள். பெட்டி ஏற்றுவதற்கு முன் ஸ்லீப்பர் கட்டைச் சோதனையை மறுபடி செய்து, முழு முறுக்கத்தில் எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே 100 மி.மீ. விட்டோம், அது சரியாக இருந்தது.

ஐந்தாவது படி: பெட்டி

இரும்புத் தகடும் ஸ்கொயர் பைப்பும்தான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். 1.2 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் 9.4 கிலோ. அதற்குள் சட்டம், தெர்மோகோல், உள்பக்கப் பலகை எல்லாம் சேர்ந்தால் 16 கிலோவைத் தாண்டும். ஐஸ்கிரீம், மீன் வண்டிகளுக்குப் போடுகிற சாண்ட்விச் பேனல், அதாவது இரண்டு பக்கமும் 1.5 மி.மீ. ஃபைபர், நடுவில் 40 மி.மீ. பஃப் (பாலியூரித்தேன் நுரை), சதுர மீட்டருக்கு 7, 8 கிலோதான். எங்கள் பெட்டி உள்ளளவு 2.4 மீட்டர் நீளம், 1.8 அகலம், 1.9 உயரம். ஆறு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 24.6 சதுர மீட்டர். இரும்பில் கட்டியிருந்தால் கிட்டத்தட்ட 400 கிலோ. பேனலில் கதவு, ஜன்னல், மூலைப் பட்டி சேர்த்து 260. இதோடு இரும்பு கடற்கரைக் காற்றில் என்ன ஆகும் என்று ஈ.சி.ஆர். பக்கம் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் அவர்கள் வீட்டு கேட்டைக் காட்டுவார்கள்.

குளிர்பதன வண்டி கட்டும் பட்டறைகளில் பேனலை உங்கள் அளவுக்கு வார்த்துத் தருவார்கள். அம்பத்தூர், மாதவரம் பக்கம் விசாரியுங்கள். நாமக்கல் லாரி பாடிப் பட்டறைகளையும் தாராளமாகக் கேட்கலாம், கைதேர்ந்தவர்கள் அங்கே நிறைய. ஆர்டர் கொடுக்கும்போதே ஜன்னல், கதவு, சோலார் தாங்கி வரும் இடங்களில் பஃபுக்குப் பதிலாக பிளைவுட் அல்லது ஃபைபர் கட்டை பதிக்கச் சொல்லுங்கள். வெறும் பஃபில் திருகு நிற்காது.

பேனல்களைச் சேர்ப்பது பசைதான், திருகு அல்ல. பஸ் கண்ணாடி, பஸ் பக்கத்தகடு ஒட்டுகிற பாலியூரித்தேன் பசை வேண்டும். சிகாஃப்ளெக்ஸ் 252 அந்த வகை. குளியலறை சிலிகான் இதற்கு ஆகாது, அது பட்ட இடத்தில் பிறகு வேறு பசையோ பெயின்ட்டோ பிடிக்கவும் செய்யாது. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, பிரைமர் போட்டு, 3 மி.மீ. கனத்துக்குப் பசை இருக்கும்படி நடுவில் சிறு ரப்பர் துண்டுகளை வைத்து அழுத்துங்கள். முழுவதும் நசுக்கி மெலிதாக்கினால் பசையின் நெகிழ்வு போய்விடும். இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. நம் ஊர்க் காற்றில் அதற்குக் குறைவே இல்லை. ஆனால் விடியற்காலைப் பனி படிந்த பேனலில் ஒட்டாதீர்கள், வெயில் ஏறிக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். மூலைகளில் வெளியே அலுமினிய எல் பட்டி. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் திருகும் நேராகத் தொட்டால் உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையத் தொடங்கும். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு நைலான் வாஷர் போட்டு, பசையில் தோய்த்து இறுக்குங்கள்.

வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தனியாக யோசியுங்கள். 40 மி.மீ. பஃப், வெளியே இருக்கும் சூட்டைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் உள்ளே மூன்று பேர் மூச்சு விடுகிறோம், வியர்க்கிறது. காற்றோட்டம் இல்லாவிட்டால் அதே பஃப், சூட்டையும் ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கூரையில் 40 செ.மீ. சதுரத்தில் வெளியே இழுக்கும் ஃபேன், எதிர்ப்பக்கம் கீழே கொசுவலை போட்ட காற்றுவழி, இரண்டும் வேண்டும். சோலார் பலகைகளைக் கூரையோடு ஒட்டாமல் 50 மி.மீ. தூக்கி வையுங்கள். பலகையே கூரைக்கு நிழல் பந்தல் ஆகிவிடும், கீழே காற்று ஓடுவதால் சோலாரும் நன்றாக வேலை செய்யும். வெளிப்பக்கம் வெள்ளை நிறம்தான். பச்சை, கறுப்பு எல்லாம் படத்தில் பார்க்க அழகு, மே மாதத்தில் கை வைக்க முடியாது.

ஆறாவது படி: கரண்ட்

ஒரு நாளுக்கு என்ன தேவை என்று எழுதாமல் பேட்டரி வாங்காதீர்கள். எங்கள் கணக்கு: 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் 550 வாட்-மணி, இரண்டு சின்ன ஃபேன் இரவு முழுக்க 240, விளக்கு 60, லேப்டாப், போன் 250, இன்டக்‌ஷன் அடுப்பு ஒரு மணி நேரம் 1,000, தண்ணீர் பம்ப் 20. மொத்தம் 2,120. ஒரு 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 2,560 இருக்கும். கூரையில் 400 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் 1,500 தரும். ஓடும்போது டைனமோவிலிருந்து 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 780. கணக்கு சரியாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சோலாரை நம்பக் கூடாது, அப்போது இன்டக்‌ஷனைக் குறைத்துக்கொள்கிறோம். டைனமோவிலிருந்து நேராக லித்தியம் பேட்டரிக்கு வயர் இழுக்காதீர்கள். லித்தியம் வாங்குகிற கரண்டில் டைனமோ சூடாகிப் போகும்.

பேட்டரியை பானட்டுக்குள் வைக்க வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது இந்த வகைக்கு நல்லதல்ல, பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. லடாக் போகிறவர்கள் குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் சுற்று) உள்ள பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள், தரையோடு, பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வைத்தால் எடைக்கும் நல்லது.

வயர் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1,500 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் 12 வோல்ட் பக்கம் 130 ஆம்பியர் இழுக்கும். போக வர 6 மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மி.மீ. வயர் போட்டால் வழியிலேயே 0.85 வோல்ட் போய்விடும். அதாவது 110 வாட், வயரைச் சூடாக்கவே செலவாகும். அதே வேலைக்கு 35 சதுர மி.மீ. போட்டு, தூரத்தைப் போக வர 3 மீட்டராகக் குறைத்தால் இழப்பு 0.2 வோல்ட்தான். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஒரு கடையில் விலை குறைவாக 35 சதுர மி.மீ. வயர் வாங்கி வந்தேன். கையில் எடுத்தபோதே லேசாக இருந்தது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பைவிட மோசமாகக் கடத்தும், லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) போட்ட இடத்தில் நாளாக ஆகத் தளர்ந்து சூடாகும். நீங்கள் வாங்கும்போது கடையிலேயே ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். லக்குகளைச் சுத்தியலால் தட்டாமல் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பெரிய பியூஸ், பிறகு ஒவ்வொரு கிளைக்கும் தனி பியூஸ். வண்டி குலுங்கும்போது வயர் எந்தத் தகட்டு விளிம்பில் உரசினாலும் அந்த பியூஸ்தான் தீயைத் தடுக்கும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஏழாவது படி: தண்ணீர், சமையல்

தண்ணீருக்கு ஸ்டீல் டேங்க், ஃபில்டர், லெவல் சென்சார் என்றெல்லாம் முதலில் வரைந்து வைத்திருந்தேன். என் மனைவிதான் கேட்டார், "தமிழ்நாட்டுல எந்த ஊர்ல இறங்கினாலும் கேன் தண்ணி கிடைக்குமே, கேனையே வெச்சா என்ன?" அந்தக் கேள்வி பெரிய வேலையை மிச்சம் செய்தது. பெட்டியின் தரையில் நான்கு 20 லிட்டர் கேன் உட்காரும்படி ஒரு கூடு, மேலே பெல்ட். கேனைத் திறந்து பம்ப் குழாயை உள்ளே விட வேண்டியதுதான். காலியானால் அடுத்த ஊர்க் கடையில் மாற்றிக்கொள்ளலாம். குளிக்க, பாத்திரம் கழுவ மட்டும் தனியாக ஒரு சிறிய டேங்க் சேர்த்துக்கொள்ளலாம், பெரிய டேங்க் என்றால் உள்ளே தடுப்புச் சுவர் வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையே இழுக்கும். கழிவுநீரை ஒரு கேனில் பிடித்து, சரியான இடத்தில் கொட்டுங்கள்.

வீட்டு சிலிண்டரை வண்டிக்குள் வைப்பது ஆபத்து. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். நாங்கள் இன்டக்‌ஷனுக்கே போய்விட்டோம். அடுப்பைப் பின்கதவில் மடக்குப் பலகையில் வைத்து, பந்தலுக்குக் கீழே நின்று சமைக்கிறோம். மூடிய பெட்டிக்குள் ஒரு ஈடு இட்லி அவித்துப் பாருங்கள், அந்த ஆவி முழுவதும் ராத்திரி மெத்தையில் இறங்கும்.

கழிப்பறைக்குக் கையடக்கக் கேசட் பெட்டி போதும்.

எட்டாவது படி: பட்டை, டயர், பிரேக்

கேம்பர் வண்டி எப்போதும் லோடோடு நிற்கிற வண்டி. சரக்கு வண்டி சாயங்காலம் லோடை இறக்கிவிடும், நம்முடையது இறக்காது. அதனால் பட்டைகள் சீக்கிரம் தளரும். பழைய செட்டோடு ஒரு பட்டை சேர்த்து, வளைவு ஏற்றி, புது புஷ், புது யூ போல்ட் போடுங்கள். கட்டை வைத்து உயர்த்துவது வேண்டாம். பட்டைக்கடைப் பெரியவர் என்னிடம் முதலில் கேட்டதே எடைமேடை ரசீதைத்தான். லோடு தெரியாமல் பட்டை போட்டால் ஒன்று இடுப்பு உடையும், ஒன்று பட்டை உடையும் என்றார். நல்ல ஷாக் அப்சார்பர்கள் சேர்ந்தால்தான் அந்தப் பட்டையின் ஆட்டம் அடங்கும்.

டயரில் லோடு எண் பார்த்து வாங்குங்கள், உருவத்தைப் பார்த்து அல்ல. மிகப் பெரிய டயர் போட்டால் பிரேக்குக்கும் கியருக்கும் பாரம் கூடும், ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும். எங்கள் எடைக்குத் தார் ரோட்டில் பின் டயருக்கு 45 பி.எஸ்.ஐ., சரளைப் பாதையில் 30, மணலில் 18. காற்றைக் குறைத்தால் டயர் நீளமாகப் படியும், புதையாது. வேகத்தையும் குறைக்க வேண்டும், தார் ரோடு வந்ததும் நிறுத்திக் காற்று ஏற்ற வேண்டும். ஆகவே 12 வோல்ட் கம்ப்ரசர் கட்டாயம். மணலில் ஓட்டிப் பழக நம் கடற்கரைக்குப் போகாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி முழங்கால் தண்ணீரில் நின்றது. அதற்கு முன் அதே தண்ணீரில் கொஞ்சம் ஓட்டியும் இருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பின் கிரவுன் (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயிலை இறக்கினால் பால் அதிகம் விட்ட காபி நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஆக்சில் மேலே உள்ள சின்ன மூச்சுத் துவாரம் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கான தீர்வு மிக எளிது: அந்தத் துவாரத்தில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி கேபின் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுவது. கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றுக்கும் அப்படியே. ஸ்னார்கல் (என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

சிக்கிக்கொண்டால் இழுக்க, சேசிஸோடு போல்ட் போட்ட இழுவைக் கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஷாக்கிளில் (கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையம்) தாங்கும் எடை எழுதியிருக்க வேண்டும், முக்கால் அங்குல ஷாக்கிள் 4.75 டன். டிரெய்லர் உருண்டையில் கயிறு மாட்டி இழுக்கவே கூடாது, அது பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி பறக்கும்.

ஒன்பதாவது படி: சோதனை ஓட்டம்

முதல் இரவை வீட்டு வாசலிலேயே தூங்குங்கள். ஃபேன் சத்தம், கொசு வரும் ஓட்டை, தலைமாட்டில் இல்லாத ஸ்விட்ச் எல்லாம் அந்த ஒரு இரவில் தெரியும். அடுத்தது ஏலகிரி, 14 வளைவுதான், இறங்கி வந்ததும் சக்கரத்தின் பக்கத்தில் புறங்கையைக் காட்டிச் சூட்டைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சூடாக இருந்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு ஜவ்வாது மலை கிராமப் பாதைகள், கடைசியாகக் கொல்லிமலை. இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்காதீர்கள்.

சப்ஃபிரேம், பட்டை, சக்கர போல்ட் எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து தகடு வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். போல்ட் திரும்பியிருந்தால் கோடு விலகியிருக்கும். 500 கிலோமீட்டர் ஆனதும் ஒரு முறை குனிந்து பாருங்கள். எங்களுக்கு சப்ஃபிரேமின் முன் அச்சில் ஒரு போல்ட் இரண்டு மி.மீ. விலகியிருந்தது, லாக் நட் போட்டதும் சரியாகிவிட்டது.

பத்தாவது படி: அடுத்து எதைச் சேர்ப்பது?

முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். ஒவ்வொரு பயணத்திலும் தொடாத பொருளை நோட்டில் எழுதுங்கள், இரண்டு முறை பெயர் வந்த பொருளை இறக்கிவிடுங்கள். எங்களிடமிருந்து மடக்கு மேசை, இரண்டாவது மண்வெட்டி, பெரிய குக்கர் மூன்றும் இப்படி இறங்கின. மேம்பாட்டில் என் வரிசை: முதலில் பிரேக், டயர், பட்டை. பிறகு காற்றோட்டம். அதன் பிறகு கரண்ட். வசதிகள் கடைசியில்.

இப்போது வீட்டில் ஏ.சி. பேச்சு நடக்கிறது. லாரிக்காரர்கள் போடுகிற 12 வோல்ட் பார்க்கிங் ஏ.சி. 45 ஆம்பியர் இழுத்தால் ஆறு மணி நேரத் தூக்கத்துக்கு 270 ஆம்பியர்-மணி வேண்டும். ஒரு பேட்டரி போதாது, இரண்டாவது வேண்டும். பேட்டரி 23 கிலோ, ஏ.சி.யும் தாங்கியும் சேர்த்து 32 கிலோ. 2,840 என்பது 2,895 ஆகிவிடும், கையில் 5 கிலோதான் மிஞ்சும். ஏ.சி.யின் எடை கூரையில் உட்காருவதால் வளைவில் வண்டி அதிகம் சாயவும் செய்யும். கூடுதல் ஸ்டெப்னியை இறக்கிவிட்டுப் பஞ்சர் கிட்டோடு போகலாமா என்று மகள் கேட்கிறாள். அந்த டயர் 34 கிலோ. தமிழ்நாட்டுக்குள் என்றால் போகலாம், ஸ்பிதிக்கு அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஏ.சி.யை ஊருக்கு ஏற்ற மாதிரி கழற்றி மாட்டும்படி நான்கு போல்ட்டில் ஒரு தாங்கி வரைந்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை வெல்டிங் அண்ணனிடம் கொடுக்க வேண்டும், அதற்கு முன் அதே எடையில் மணல் மூட்டையைக் கூரை மேல் கட்டிக்கொண்டு ஏலகிரி ஒரு முறை ஏறி இறங்க வேண்டும்.